அறிஞர் அலன் ரியூரிங்: ஆடக் கற்கும் பொறி

கருவி கைக்கு வந்த பின்னரே கல்வி தொடங்குமென்று காத்திருப்போர் பலர். கருவி வருமுன்பே அதற்குரிய பாடத்தை எழுதி வைத்தார் ஒருவர். அவரே ஆங்கிலக் கணித மேதை அலன் ரியூரிங்.

இவர் 1912 ஆம் ஆண்டு யூன் 23 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் அரச உயர் அலுவலராய் இருந்தவர். தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலே பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் பயின்ற ரியூரிங், விதிகளைப் படிப்படியாகப் பின்பற்றும் பொறியொன்றை 1936 இல் கற்பனையில் அமைத்துக் காட்டினார். இன்றைய கணினியின் கொள்கைக்கு அஃது அடிப்படையாயிற்று. இரண்டாம் உலகப் போரில், செருமானியரின் எனிக்மா மறைகுறிகளை உடைக்கும் பணியில் முன்னின்றார்.

போரின் பின், எதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடும் பொறியை ஆக்க விழைந்தார். 1948 இல் நண்பர் சம்பர்நவுனுடன் கூடி அதற்குரிய விதிகளை வகுத்தார். விதிகள் இருந்தன, அவற்றை இயக்கவல்ல கணினி வாய்க்கவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1952 இல் தாமே பொறியாக அமர்ந்து, தாளிற் கணக்கிட்டு, ஒவ்வொரு காய் நகர்த்தலுக்கும் ஏறக்குறைய அரைமணி நேரஞ் செலவிட்டு, அலிக் கிளெனி என்பாருடன் ஆடினார். பொறி தோற்றது.

மாறா விதிகொண்டு ஆடும் பொறி நேற்றைய பிழையை இன்றுஞ் செய்யும். இதனை ரியூரிங் முன்னரே உணர்ந்திருந்தார். முதிர்ந்த அறிவைப் பொறியிற் புகுத்த முயல்வதினும், குழந்தை மனம் போன்றதோர் பொறியை அமைத்து, பரிசும் தண்டனையுங் கொண்டு பயிற்றுதலே நன்றென 1950 ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கியிருந்தார். அமெரிக்கரான ஆதர் சாமுவேல், டிராப்ட்ஸ் என்னும் காயாட்டத்தில் கணினி தன்னோடு தானே ஆடித் தேறுவதை 1959 இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினார். இன்றைய கணினி விளையாட்டுக்கள் சிலவற்றில் எதிராளியாய் நிற்கும் பொறி, ஆடுவோன் திறனை அளந்து தன் வலிமையைக் கூட்டியுங் குறைத்தும் ஆடுகின்றது. எதிராளி மிக வலியனாயின் இளையோன் சோர்வான்; மிக மெலியனாயின் சலிப்பான். மாணாக்கன் தரமறிந்து கற்பிக்கும் ஆசிரியன் செயலும் இதுவன்றோ!

அக்காலச் சட்டம் குற்றமெனக் கொண்ட ஒருபாலுறவின் பொருட்டு, ரியூரிங் 1952 இல் தண்டிக்கப்பட்டார். 1954 யூன் 7 இல், 41 ஆம் வயதில், நஞ்சினால் மாண்டார். அவருக்கு அரச மன்னிப்புக் கிடைத்தது 2013 இலேதான். நாட்டைக் காத்தவரை நாடு காக்கவில்லை.

நூலும் கூடமும் போரில் இழந்து, மரநிழலிலும் கற்றுத் தேறியோரைக் கண்டது நம் வன்னி மண். வசதியின்மை கல்விக்கு முடிவன்று என்பதை இம்மண்ணின் மாணவர் நன்கறிவர். தாளும் எழுதுகோலுங் கொண்டு ஒரு பொறிக்காக ஆடிய அம்மேதையையும் அவர்கள் நினைவிற் கொள்வாராக.