மொரேலோஸ் மண்ணின் காவலர் எமிலியானோ சபாட்டா

மண்ணுரிமைக்காகப் போராடி உயிர் துறந்தோர் எந்நாட்டில் பிறந்தவராயினும் அவர்தம் வரலாறு நமக்குப் பாடமாகும். அவ்வகையில், இவ் வெள்ளி விழா மலரைப் படிக்கும் நம் இளைஞர்கள் அறியத்தக்க ஒருவரை ஈண்டு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவரே மெக்சிகோ நாட்டு உழவர் தலைவர் எமிலியானோ சபாட்டா.

மெக்சிகோ நகருக்குத் தெற்கே உள்ள சிறு மாநிலம் மொரேலோஸ். வெயிலும் நீர்வளமும் ஒருங்கே வாய்ந்த அம்மண்ணில் கரும்பு செழித்து வளரும். போர்பிரியோ டயாஸ் என்பாரின் நெடிய சர்வாதிகார ஆட்சியில் அங்கு இருப்புப்பாதை வந்தது. சர்க்கரை ஆலைகளில் புதிய எந்திரங்கள் வந்தன. ஆலைக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு நிலமும் நீரும் வேண்டும். ஆதலின் பெரும்பண்ணை முதலாளிகள் ஊர்ப்பொது நிலங்களையும் ஓடைகளையும் ஒவ்வொன்றாகக் கவர்ந்தனர். நிலம் இழந்த உழவன் அந்நிலத்திலேயே கூலியாளானான். வழக்குத் தொடுத்த ஊரார் பெரும்பாலும் தோற்றே திரும்பினர்.

இம்மாநிலத்தின் அனெனெக்குயில்கோ என்னும் சிற்றூரில் 1879 ஆகஸ்டு 8-ஆம் நாள் சபாட்டா பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப் படிப்பு சிறிதளவே. எனினும் உழவிலும் குதிரைகளைப் பழக்குவதிலும் வல்லவர் எனப் பெயர் பெற்றார். 1909 செப்டம்பரில் முதுமையால் தளர்ந்த ஊர்ப் பெரியோர் பொறுப்பினின்று விலகி, முப்பது வயதினரான சபாட்டாவை ஊர்மன்றத் தலைவராகத் தேர்ந்தனர். ஊரின் பழம்பெரும் நில ஆவணங்களும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுட் சில ஸ்பானிய மொழியிலும், சில மண்ணின் மக்கள் பேசும் நவாட் மொழியிலும் இருந்தன. ஊர்மன்றச் செயலருடன் அமர்ந்து சபாட்டா அவற்றை ஆராய்ந்தார். போர்க்களம் புகுமுன் அவர் கையில் எடுத்தது அந்த ஏடுகளையே என்பதை நாம் மறத்தலாகாது.

1910-இல் பிரான்சிஸ்கோ மதேரோ டயாசுக்கு எதிராகப் புரட்சிக்கு அழைப்பு விடுத்தார். 1911 மார்ச்சில் சபாட்டாவும் அவர்தம் தோழர்களும் கிளர்ந்தெழுந்தனர். மே மாதம் குவாட்லா நகரைக் கடும்போரிட்டுக் கைப்பற்றினர். அடுத்த சில நாட்களில் டயாஸ் பதவி துறந்தார். வென்ற மதேரோவோ, முதலில் படையைக் கலைத்துவிடுக, நிலச் சிக்கலைப் பின்னர்ச் சட்டப்படி காண்போம் என்றார். சபாட்டாவுக்கு ஒரு பண்ணை பரிசாகக் கிடைக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டார். தமக்கெனப் பண்ணை பெறப் போர் தொடுத்தவரல்லர் சபாட்டா, அதனை மறுத்துவிட்டார்.

1911 நவம்பர் 28-ஆம் நாள் அயாலா திட்டம் பிறந்தது. அதனை எழுத்தில் வடித்தவர் ஓட்டிலியோ மொந்தான்யோ என்னும் பள்ளி ஆசிரியர் என்பது, ஆசிரியத் தொழில் புரியும் நமக்குப் பெருமிதம் தருவதாகும். பறிக்கப்பட்ட நிலங்களை உரிமைப் பத்திரம் உடைய ஊரார் உடனே மீட்டுக்கொள்ளலாம். பெரும்பண்ணைகளின் மூன்றில் ஒரு பங்கு இழப்பீடு தந்து எடுக்கப்படும். திட்டத்தை எதிர்ப்போரின் சொத்து முழுவதும் நாட்டுடைமையாகும் என அது அறிவித்தது.

அரசின் விடை நெருப்பாக வந்தது. தளபதி ஹுவென்சியோ ரோப்லஸ் ஊர்களைக் கொளுத்தினார். மக்களைக் காவல் முகாம்களுக்கு விரட்டினார். 1913-இல் மதேரோ கொல்லப்பட்டு வெர்ட்டா ஆட்சியைக் கவர்ந்தபோது கொடுமை மேலும் பெருகியது. வீடிழந்தோர் பலர் சபாட்டாவின் படையில் சேர்ந்தனர். 1914-இல் வெர்ட்டா வீழ்ந்தார். மாநிலத் தலைநகர் குவெர்னவாக்கா சபாட்டாவின் வசமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வடபுலத் தலைவர் பாஞ்சோ வில்லாவும் சபாட்டாவும் மெக்சிகோ நகருள் நுழைந்தனர். அதிபர் மாளிகையில் எடுத்த புகைப்படத்தில் அதிபர் நாற்காலியில் வில்லாவே வீற்றிருக்கின்றார். சபாட்டா அருகே அமர்ந்துள்ளார். விரைவில் அவர் தம் மாநிலம் திரும்பினார்.

1915-ஆம் ஆண்டே மொரேலோஸ் மக்களின் பொற்காலம். வேளாண் கல்லூரி மாணவர்கள் அளவைக் கருவிகளுடன் வந்து, ஊரூராக எல்லை வகுத்தனர். பழைய ஆவணங்களும் ஊர்ப் பெரியோரின் நினைவும் அவர்களுக்குத் துணையாயின. ஆலைகளை மீண்டும் இயக்கக் கரும்பு நடுமாறு சபாட்டா வேண்டினார். பசியறிந்த மக்களோ சோளமும் அவரையும் விதைத்தனர். அவர்களை அவர் வற்புறுத்தவில்லை.

1916-இல் கரான்சாவின் தளபதி பாப்லோ கொன்சாலஸ் மாநிலத்தின்மீது படையெடுத்தார். ட்லால்டிசபானில் பெண்டிரும் சிறாரும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். மீண்டும் மலைப்போர் மூண்டது. துன்பம் மிகுந்தபோது இயக்கத்துள் ஐயமும் பகையும் புகுந்தன. அயாலா திட்டம் வரைந்த மொந்தான்யோவே 1917-இல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தம் இயக்கத்தாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே இறுதிவரை கூறினார் அவர். இக்கறையை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையன்று.

1919 ஏப்ரல் 10-ஆம் நாள், கட்சி மாறி வருவதாக நடித்த கர்னல் குவாஹார்டோவைக் காணச் சபாட்டா சினமேக்காப் பண்ணைக்குச் சென்றார். வாயிலில் மரியாதை அணிவகுப்பாக நின்ற வீரர்களே அவரைச் சுட்டு வீழ்த்தினர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. 1910-இல் சுமார் 1,80,000 ஆக இருந்த மொரேலோஸ் மக்கள்தொகை, போராலும் பசியாலும் நோயாலும் இடப்பெயர்வாலும் 1921-இல் சுமார் 1,03,000 ஆகக் குறைந்திருந்தது. மண்ணுக்கு அம்மக்கள் தந்த விலை இது.

அவர் மறைந்தாலும் கோரிக்கை மறையவில்லை. ஊர்களுக்கு நிலம் மீட்டளிக்கும் கொள்கை 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இடம்பெற்றிருந்தது. 1920-க்குப் பின் மொரேலோஸ் ஊர்கள் பலவற்றிற்கு நிலம் மீண்டது. 1992-இல் அப்பிரிவு திருத்தப்பட்டு நிலப்பகிர்வு முடிவுற்றது. 1994-இல் சியாபாஸ் மாநிலப் பழங்குடியினர் கிளர்ந்தபோது சபாட்டாவின் பெயரையே சூடிக்கொண்டனர்.

இளைஞர்காள்! சபாட்டாவின் துப்பாக்கியினும் அவர் காத்த ஆவணங்களே நம் கருத்துக்கு உரியன. படிக்கத் தெரியாத தாளில் கைந்நாட்டு வைத்து நிலம் இழந்த முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். நும் வீட்டுப் பெட்டியில் உள்ள பட்டாவையும் பத்திரத்தையும் இன்றே எடுத்துப் படியுங்கள். எல்லையை நேரில் சென்று காணுங்கள். படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். நாம் பெற்ற கல்வியின் முதற் கடன் அதுவே.