மகாவித்துவான் பாடம் சொன்ன முறை

கொல்லிமலையேறி வாசலூர்பட்டியை அடையும் தமிழர் எவர்க்கும் வல்வில் ஓரியின் நினைவு வாராதிராது. அவ்வள்ளலின் வில்லாண்மையையும் கொடையையும் புலவர் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. அந்நூலை 1894-ம் ஆண்டு அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஆயின், ஓரி ஆண்ட அம்மலையில் வளரும் பதினைந்து வயதுப் பிள்ளையொருவன் தன் பள்ளிப் புத்தகத்தையே தட்டுத் தடுமாறிப் படிப்பானாயின், புறநானூறு அச்சேறியதனால் அவனுக்கு விளைந்த பயன் யாது?

இது மலைவாழ் மக்களுக்கே உரிய குறை என்று எண்ணிவிடற்க. 2023-ல் இந்தியாவின் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களைத் தெரிந்தெடுத்து, கிராமங்களில் வாழும் 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 25 பேர் அளவினர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் மாநில மொழியிலேயே தடையின்றிப் படிக்க மாட்டாதவராயிருந்தனர். இவர்களிற் பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்தவர்கள்! மீசை அரும்பிய பின் படிப்பு ஏறாது என்று கைவிடுவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நாம் ஒரு பெரியாரின் சரித்திரத்தை நினைப்பூட்ட விரும்புகிறோம். அவரே சாமிநாதையரின் ஆசிரியராகிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ம் தேதி பிறந்தார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். இளம் பருவத்திலேயே அவரை இழந்து, வறுமையோடு திரிசிரபுரம் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஓர் ஆசிரியரை மட்டும் பற்றி நிற்கவில்லை. எவரிடம் எந்த நூல் உண்டோ அவரிடம் அந்நூலைக் கேட்டார்கள். தண்டியலங்காரத்தில் வல்ல ஒருவர், பிச்சையெடுத்து உண்ணும் பரதேசி. அவர் எளிதில் பாடம் சொல்பவரல்லர். பிள்ளையவர்களோ அவர் சென்ற இடமெல்லாம் உடன் சென்று, வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்து, மனமிரங்கச் செய்து அந்நூலைக் கற்றார்கள். அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த காலமாதலின், கம்பராமாயணம் முழுவதையும் தம் கையாலேயே மூன்று முறை ஏட்டில் எழுதினார்கள். எழுதுவதும் ஒருவகைப் படிப்பே என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர், நாம் மறந்துவிட்டோம்.

இங்ஙனம் பெற்ற கல்வியை அவர்கள் யாருக்கும் மறுத்ததில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். இருவரும் அவர்களுடைய மாணாக்கர்களே. ஜாதியும் மதமும் நடைமுறையில் கடுமையாயிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது நடந்தது என்பதைத் தேசத் தொண்டர்கள் கருத வேண்டும்.

1871-ல் பதினாறு வயது நிரம்பிய சாமிநாதையர் தம் தந்தையாருடன் மாயூரத்திற்கு வந்து பிள்ளையவர்களை அடைந்தார். அவர் எழுத்தறியாதவரல்லர், ஊரூராய்ச் சென்று பலரிடம் சிறிது சிறிதாகக் கற்றவர். ஆகையால் அவரையும் தடுமாறிப் படிக்கும் இக்காலத்து மாணாக்கனையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியோம். ஆயினும் கொஞ்சம் கற்று அதற்கு மேல் வழி தெரியாது நிற்கும் நிலை இருவர்க்கும் பொது.

பழைய மாணாக்கர் ஒருவரிடம் முதலில் பாடம் கேட்குமாறு பிள்ளையவர்கள் ஏற்பாடு செய்தார்கள். இளைஞருக்கோ ஆசிரியரிடமே நேரில் கேட்க ஆவல். பிள்ளையவர்கள் விடியற்காலையில் தோட்டத்துச் செடிகளில் புதிதாய்த் துளிர்த்த தளிர்களைப் பார்த்து மகிழ்வது வழக்கம். அதையறிந்த மாணாக்கர் முன்னதாகவே எழுந்து சென்று தளிர்களைத் தேடி வைத்துக் காட்டலானார். அன்பு வளர்ந்தது, பாடமும் தொடங்கிற்று. அன்பு முந்தியது, பாடம் பிந்தியது என்பது நமக்கு அற்பச் செய்தியாகத் தோன்றவில்லை.

பாடம் நடந்த முறை எளியது. முதலில் பெருங்காவியத்தைக் கொடுத்து மலைக்கச் செய்யவில்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலிய சிறு பிரபந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாணாக்கர் செய்யுளை வாய்விட்டுப் படிப்பார்; விளங்காத இடத்தை ஆசிரியர் விளக்குவார்; உடனே அடுத்த செய்யுள். ஒரே செய்யுளில் நாட்கணக்காக நின்று சலிப்பூட்டுவதில்லை. சில மாதங்களில் பல நூல்கள் முடிந்துவிடும். படித்த நூலே படிக்க வேண்டிய நூலுக்கு வழிகாட்டும். ஆசிரியர் புராணச் செய்யுட்களை வாயால் இயற்றிச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவதும் உண்டு. அவர்கள் பாடிய ஸ்தலபுராணங்களை இன்று எடுத்துப் படிப்போர் சிலரே. ஆனால் அவற்றை எழுதிய கைகள் பெற்ற பயிற்சி வீணாகவில்லை. பிழை செய்தவரைக் கடிந்து பேசிப் புண்படுத்தும் இயல்பும் அவர்களிடம் இல்லை. பதினைந்து வயதானவனைச் சிறுபிள்ளைகளின் முன் நிறுத்தி நகைப்பது எங்கேனும் நடக்குமாயின், அங்குள்ளோர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய்ப் பெரும் புகழ் பெற்றும் பிள்ளையவர்களுக்குக் கடன் தீர்ந்தபாடில்லை. வந்த பொருள் மாணாக்கர் உணவுக்கும் குடும்பத்துக்குமே போதாதிருந்தது. 1876-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ம் தேதி, சவேரிநாத பிள்ளை தாங்கிக் கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகம் படிக்க, அவர்கள் உயிர் நீத்தார்கள்.

நான்காண்டுகள் கழிந்தன. அவர்களுடைய மற்றொரு மாணாக்கராகிய தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவி சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தார். அவ்வாண்டே, 1880-ல், சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்கவே, தாம் அதனைப் படித்ததில்லை என்பது ஐயருக்குப் புலப்பட்டது. கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியக் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்கு மாணாக்கராய் நடந்தார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.