ஃபிராங்கென்ஸ்டைன் பூதத்தோட பெயரே இல்ல... 18 வயசுல அதை எழுதத் தொடங்கிய மேரி ஷெல்லி யார்?

ஃபிராங்கென்ஸ்டைன் என்றதும் கழுத்தில் போல்ட் வைத்த சினிமா பூதம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா நாவலில் அது பூதத்தை உருவாக்கிய விக்டரின் குடும்பப் பெயர். பூதத்துக்குக் கடைசிவரை யாரும் பெயரே வைக்கவில்லை.

இதை எழுதிய மேரி ஷெல்லி பிறந்தது லண்டனில், 1797 ஆகஸ்ட் 30. பெண்ணுரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதிய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், மகள் பிறந்த 11 நாளில் இறந்துபோனார். அப்பா வில்லியம் காட்வின், கல்யாணம் என்ற ஏற்பாட்டையே விமர்சித்தவர். ஆனா 1814-ல், 16 வயது மேரி ஏற்கெனவே திருமணமான கவிஞர் பெர்சி ஷெல்லியோடு வீட்டை விட்டுப் போனதும், மகளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார்!

அடுத்த ஆண்டு குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாட்களில் இறந்தது. நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அந்தக் குழந்தை உயிர்பெற்றதாகக் கனவு கண்டதை மேரி டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு அது. வீட்டுக்குள் முடங்கியவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அங்கேதான் நாவல் தொடங்கியது.

பைரன், பெர்சி இருவருமே ரொமான்டிக் கவிஞர்கள். அறிவைவிட உணர்ச்சி பெரிசு, ஊர்க் கட்டுப்பாட்டைவிடத் தனிமனிதன் பெரிசு என்பது அந்த இயக்கத்தின் போக்கு. மேரியும் அதில் வளர்ந்தவர்தான். ஆனா அதன் மறுபக்கத்தையும் காட்டினார். விக்டர் குடும்பத்தை மறந்து, தனியாக ஒரு உயிரைப் படைக்கிறான். அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். அந்த உயிரோ தானாகவே பேச, படிக்கக் கற்று, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ரகசியமாக விறகு சேர்த்துக் கொடுக்கிறது. முகத்தைப் பார்த்ததும் அவர்களும் அடித்து விரட்டுகிறார்கள். கொலைகள் அதுக்கு அப்புறம்தான். உண்மையான வில்லன் விக்டர்தான் என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

சுதந்திரக் காதலின் விலை மேரிக்கும் தெரியும். 1816 டிசம்பரில் பெர்சியின் முதல் மனைவி ஹாரியட்டின் உடல் லண்டன் ஏரியில் கிடைத்தது. அதே மாதம் 30-ம் தேதி பெர்சி–மேரி திருமணம்.

1818-ல் நாவல் பெயரில்லாமல் 500 பிரதிகள் வந்தது. முன்னுரை பெர்சி எழுதியது என்பதால், நாவலும் அவருடையதே என்று பலர் நினைத்தார்கள். 1822-ல் இத்தாலிக் கடலில் பெர்சி மூழ்கி இறந்தபோது மேரிக்கு வயது 24. பிறந்த நான்கு குழந்தைகளில் மிஞ்சியது ஒரு மகன்தான். பெர்சியின் வாழ்க்கையை எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மாமனார் பணம் கொடுத்தார். மேரி சளைக்கவில்லை. 1839-ல் கணவரின் கவிதைகளைத் தொகுத்தபோது, குறிப்புகளுக்குள்ளேயே அவர் வாழ்க்கையை எழுதிவிட்டார்.