செவி இழந்த கவிஞர்

ஆஸ்திரேலியாவின் கடலோர நகரங்களைக் கடந்து உள்நாட்டுக்குச் சென்றால், பரந்த வறண்ட நிலப்பகுதியைக் காணலாம். அந்நாட்டு மக்கள் அதனை 'புஷ்' என்பர். மந்தை ஓட்டுவோர், ஆட்டு ரோமம் கத்தரிப்போர், வேலை தேடி ஊர் ஊராக நடப்போர் எனப் பலர் அங்கு வாழ்ந்தனர். அவர்களின் வாழ்க்கையை எளிய சொற்களில் எழுதிப் புகழ்பெற்றவர் ஹென்றி லாசன்.

லாசன் 1867ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸில் கிரென்ஃபெல் என்னும் தங்கச் சுரங்க ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை நார்வேயிலிருந்து வந்த மாலுமி. தாயார் பெயர் லூயிசா. குடும்பத்தில் வறுமை நிலவியது. ஒன்பது வயதில் லாசனுக்குக் காதில் நோய் கண்டது. பதினான்கு வயதிற்குள் அவர் ஏறக்குறைய முழுமையாகச் செவித்திறனை இழந்தார். பள்ளியில் அவர் பயின்றது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. பின்னர்த் தந்தையோடு கட்டட வேலைக்குச் சென்றார்.

பெற்றோர் பிரிந்தபின், லாசன் சிட்னியில் தாயாருடன் வாழ்ந்தார். பகலில் வண்டிகளுக்குச் சாயம் பூசினார். இரவில் வகுப்புக்குச் சென்றார். ஆயினும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை. மெல்பர்ன் மருத்துவமனையில் பெற்ற சிகிச்சையும் பலனளிக்கவில்லை. ஆனால், அதே 1887ஆம் ஆண்டில் அவருடைய முதல் கவிதை 'புல்லட்டின்' இதழில் வெளிவந்தது. பெண்ணுரிமைக்காக இதழ் நடத்திய தாயாரும் அவருடைய எழுத்தார்வத்திற்குத் துணைநின்றார்.

அக்காலத்தில் பேஞ்சோ பேட்டர்சன் என்ற கவிஞர், புஷ் வாழ்க்கையை இன்பமும் விடுதலையும் நிறைந்ததாகப் பாடினார். லாசன் அதனை மறுத்தார். வெயிலும் புழுதியும் தனிமையும் அங்குள்ள ஏழைகளை வாட்டுவதை எழுதினார். 1892இல் இருவரும் 'புல்லட்டின்' இதழில் கவிதைகளாலேயே வாதிட்டனர். அவ்வாண்டே இதழாசிரியர் ஐந்து பவுண்டு பணமும் இரயில் பயணச்சீட்டும் தந்து லாசனை பர்க் என்னும் ஊருக்கு அனுப்பினார். அங்கு லாசன் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வேலை செய்தார். கடுங்கோடையில், தோளில் மூட்டையைச் சுமந்து, ஹங்கர்ஃபோர்டு எனும் எல்லையூர்வரை நண்பருடன் நடந்தார். அத்தொலைவு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வழியில் கண்ட வறட்சியும் மக்களின் துயரமும் அவருடைய எழுத்துக்கு வலிமை சேர்த்தன.

லாசன் சிறுகதையிலும் சிறந்து விளங்கினார். 'மந்தை ஓட்டியின் மனைவி' என்ற கதையில், கணவன் தொலைவில் இருக்க, ஒரு தாய் பிள்ளைகளைப் பாம்பிடமிருந்து காக்க இரவு முழுவதும் விழித்திருக்கிறாள். செவி கேளாத அவருடைய கதைகளில் எளிய மக்களின் பேச்சு உயிர்ப்புடன் ஒலிக்கிறது.

1896இல் வெளிவந்த இரு நூல்கள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. எனினும், மதுப்பழக்கம் அவரை வீழ்த்தியது. குடும்பம் பிரிந்தது. மனைவி மக்களுக்குரிய பராமரிப்புத் தொகையைச் செலுத்தாததால் அவர் சிறைக்கும் சென்றார். அந்நாள்களிலும் அவர் எழுதுவதைக் கைவிடவில்லை.

1922ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் லாசன் தமது 55ஆம் வயதில் மறைந்தார். அரசு மரியாதையுடன் அவருடைய இறுதிச் சடங்கு நடைபெற்றது. 1966இல் வெளியிடப்பட்ட ஆஸ்திரேலியப் பத்து வெள்ளித் தாளில், வாழ்நாளெல்லாம் பணமின்றித் தவித்த அக்கவிஞரின் உருவம் இடம்பெற்றது. ஏழைகளின் வாழ்வும் இலக்கியமாகும் என்பதை அவருடைய படைப்புகள் இன்றும் உணர்த்துகின்றன.