கண்ணீர்த் தீர்க்கதரிசி எரேமியா

கடவுளே கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தால், 'என்னால் முடியாது' என்று யாராவது சொல்வார்களா? சொன்னார் ஒருவர். அவர்தான் எரேமியா.

இன்றைக்குச் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன், யூதா நாட்டில் வாழ்ந்தவர் இவர். தலைநகர் எருசலேமுக்கு அருகிலிருந்த ஆனதோத் என்ற ஊரில், ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தார். கடவுளின் செய்தியை மக்களிடம் எடுத்துச் சொல்பவரைத் தீர்க்கதரிசி என்பார்கள். கி.மு. 627 வாக்கில் அந்த அழைப்பு எரேமியாவுக்கு வந்தது. தான் சிறுபிள்ளை, பேசத் தெரியாது என்று பயந்து மறுத்தார். கடவுள் கோபப்படவில்லை. துணையிருப்பதாகத் தைரியம் சொல்லி, அவருடைய வாயைத் தொட்டதாக எபிரேய வேதம் கூறுகிறது.

அவர் சொல்ல வேண்டியிருந்த செய்தி கசப்பானது. ஏழைகளையும் அநாதைகளையும் கொடுமைப்படுத்திவிட்டு, கோயில் இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்று மக்கள் நினைத்தார்கள். திருந்தாவிட்டால் நகரமே அழியும் என்று எச்சரித்தார் எரேமியா.

ஒருநாள் குயவர் வீட்டுக்குப் போனார். சக்கரத்தில் சுழன்ற மண்பாண்டம் கோணலாகிவிட்டது. குயவர் அந்த மண்ணைத் தூக்கி எறியவில்லை. அதையே பிசைந்து வேறு பாத்திரம் செய்தார். மனம் மாறினால் மக்களுக்கும் அப்படியொரு வாய்ப்பு உண்டு என்று எரேமியா புரிந்துகொண்டார்.

தன் செய்திகளை அவர் சொல்லச் சொல்ல, பாரூக் என்ற எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். அது யோயாக்கீம் அரசனிடம் போனது. அது குளிர்காலம். வாசிக்க வாசிக்க, அரசன் சுருளைக் கத்தியால் அறுத்து, எரிந்துகொண்டிருந்த கணப்பில் போட்டான். கெமரியா முதலிய சில அதிகாரிகள் தடுத்தும் கேட்கவில்லை. எரேமியா சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் முழுவதையும் சொன்னார். பாரூக் எழுதினார். இரண்டாவது சுருளில் புதிய செய்திகளும் சேர்ந்தன!

பின்னர் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டது. போர்வீரர்களின் மனஉறுதியைக் கெடுக்கிறார் என்று குற்றம்சாட்டி, எரேமியாவைச் சேறு நிறைந்த குழியில் இறக்கினார்கள். எத்தியோப்பியரான எபெத்மெலேக் என்ற அரண்மனை அதிகாரி அரசனிடம் துணிந்து பேசினார். கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தல் துணிகளை வைத்துக்கொள்ளச் சொல்லி, அவரைப் பத்திரமாக மேலே தூக்கினார்.

காவலில் இருந்தபோதே எரேமியா ஒரு வியப்பான காரியம் செய்தார். நாடு எதிரி கையில் போகப்போகிறது என்று தெரிந்தும், சொந்த ஊரில் 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஒரு நிலம் வாங்கினார்! பத்திரத்தை மண்பானையில் வைத்துப் பாதுகாக்கச் சொன்னார். என்றாவது மக்கள் திரும்பி வந்து வீடும் தோட்டமும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம்.

கி.மு. 587 வாக்கில் எருசலேம் எரிந்தது. தான் சொன்னது பலித்ததே என்று எரேமியா மகிழவில்லை. தன் மக்களுக்காகக் கண்ணீர் விட்டவர் அவர். அதனால்தான் 'கண்ணீர்த் தீர்க்கதரிசி' என்ற பெயர் வந்தது. அவர் அறிந்த கடவுளும் அப்படித்தான். அநியாயத்தைக் கண்டு கோபப்படுவார். ஆனால் தண்டிக்க நேரும்போது மனம் வருந்துவார். மீண்டும் சேர்த்துக்கொள்ளக் காத்திருப்பார். பிறகு, தப்பியோடிய சிலர் எரேமியாவையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னொரு செய்தி தெரியுமா? 1982இல் எருசலேமில் அகழாய்வு செய்தபோது பல களிமண் முத்திரைகள் கிடைத்தன. நகரை எரித்த தீயே அவற்றைச் சுட்டு, கெட்டியாக்கிக் காப்பாற்றியிருந்தது. அவற்றில் ஒன்றில் கெமரியா என்ற பெயர் இருந்தது. சுருளை எரிக்கவேண்டாம் என்று கேட்ட அதே கெமரியாவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அரசன் எரித்த சுருளின் செய்தியோ, இன்றும் எரேமியாவின் பெயரிலுள்ள நூலில் படிக்கக் கிடைக்கிறது!