மூணு நுரையீரல் மனிதர்: டென்சிங்கை எவரெஸ்ட் ஏற்றியது ஜீனா, உழைப்பா?

எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால்வைத்த இருவரில் ஒருவர் டென்சிங் நார்கே. மேலே போகப் போக மற்றவர்கள் துவண்டுவிட, இவர் மட்டும் உற்சாகமாக ஏறுவார். அதனால் இவருக்கு மூணு நுரையீரல் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையில் இவருக்கும் ரெண்டுதான். அப்போ வித்தியாசம் எங்கே? அவர் இறந்து 24 வருஷம் கழித்து, 2010-ல்தான் அதற்கான முக்கியமான துப்பு கிடைத்தது.

யாக் மேய்ப்பவரின் மகன்

1914-ல் திபெத்திய வம்சாவளியில் பிறந்தவர். வளர்ந்தது நேபாளத்தின் கும்பு பகுதியில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாமே கிராமத்தில். அப்பா யாக் மேய்ப்பவர். முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமா சொல்லித்தான் டென்சிங் நார்கே ஆனார்.

வீட்டில் 13 பிள்ளைகள், இவர் 11-வது. உடன்பிறந்தவர்களில் பெரும்பாலானோர் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. 18 வயதில் வேலை தேடி டார்ஜிலிங் வந்தார். 1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில் சுமைதூக்கியாகச் சேர்ந்தார். எவரெஸ்ட்டோடு அவருக்கு அதுதான் முதல் பழக்கம்.

உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகும்?

வில்லியனூர், பாகூர் எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. இங்கே காற்றழுத்தம் முழுசாக இருப்பதால் மூச்சைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. தாமே உயரத்தில் இந்த அழுத்தம் சுமார் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனா அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்துவிடும்.

சமவெளி ஆள் மேலே போனால் முதலில் வேகமாக மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். நாட்கள் போகப் போக உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களைத் தயாரிக்கும், ஹீமோகுளோபின் ஏறும். கேட்க நல்லதாகத் தெரியும். ஆனா அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி, இதயத்துக்குச் சுமை கூடும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களில்கூடச் சிலருக்கு இதனால் நாள்பட்ட மலை நோய் வருகிறது.

ஷெர்பாக்களிடம் என்ன ஸ்பெஷல்?

திபெத்தியர்களும் ஷெர்பாக்களும் வேறு வழியில் தப்பித்தார்கள். 4,000 மீட்டரில் வாழ்ந்தும் பலருக்கு ஹீமோகுளோபின் சமவெளி ஆட்களின் அளவை ஒட்டியே இருக்கிறது. காரணம், இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் ஒரு தனி வகை. ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடுவது இந்த மரபணுவின் வேலை. இவர்களிடம் உள்ள வகை அந்த வேகத்தை அடக்கி வைக்கிறது. 2010-ல் வெளியான ஆய்வுகள் இதைக் கண்டுபிடித்தன. சீனாவின் ஹான் மக்களிடம் இது அரிது. திபெத்தியர்களில் பெரும்பாலானோரிடம் உண்டு.

2014-ல் இன்னொரு ஆச்சரியம். இந்த வகை, அழிந்துபோன டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து கலப்பின் வழியாக வந்தது என்று தெரிந்தது. ஷெர்பாக்களின் தசைகள் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவு பண்ணுகின்றன என்று 2017-ல் இன்னொரு ஆய்வு சொன்னது.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் தங்கும் திபெத்தியத் தாய்மாரின் பிள்ளைகளே அதிகம் பிழைக்கிறார்கள் என 2004-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, பல்லாயிரம் வருஷங்களாக எந்தக் குழந்தை பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பதில்தான் இந்த வரம் எழுதப்பட்டது.

அப்போ ஜீன் மட்டும் போதுமா?

போதாது. ஜீன் போதும் என்றால் டென்சிங் 1935-லேயே உச்சியில் நின்றிருக்கணும். அதற்கப்புறம் 1936, 1938, 1947 எனத் திரும்பத் திரும்பப் போனார். 1952-ல் சுவிஸ் வீரர் ரேமண்ட் லாம்பர்ட்டுடன் உச்சிக்கு சுமார் 250 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பினார். அதே வருஷம் மறுபடியும் முயற்சி, மறுபடியும் தோல்வி. கடைசியில் 1953 மே 29, காலை 11.30 மணிக்கு எட்மண்ட் ஹிலாரியுடன் உச்சியைத் தொட்டார். அப்போது அவருக்கு 39 வயது. முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. மரபணு எவ்வளவு உதவினாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஹிலாரிக்கும் குழுத்தலைவர் ஜான் ஹண்டுக்கும் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். மலையில் பிறந்தவன் ஏறுவதில் என்ன அதிசயம் என்ற பார்வை ஷெர்பாக்களின் திறமையை ரொம்ப நாள் மறைத்தது. 1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் களப் பயிற்சியின் முதல் இயக்குநரானார் டென்சிங். ஏறும் கலையைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று காட்டினார். 1986 மே 9-ல் காலமானார்.

லடாக் ட்ரிப் போறவங்க கவனத்துக்கு

விமானத்தில் நேரடியாக லே போய் இறங்கினால், ஒரே நாளில் 3,500 மீட்டர் உயரம். ஜிம் உடம்பு, நல்ல ஸ்டாமினா எதுவும் மலை நோயிலிருந்து காப்பாற்றாது. முதல் ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது, இதுதான் பாதுகாப்பு. படுத்தாலும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்கணும். டென்சிங்கின் ஜீன் சமவெளிக்காரர்களுக்கு வாய்க்காது. உச்சிக்குப் பக்கத்தில் போயும் திரும்பி வந்த அவருடைய பொறுமையை மட்டும் யாரும் பழகிக்கொள்ளலாம்.