குரோலியேயும் அவர்தம் நண்பர்களும்

நூல் தேடிச் சேர்ப்போர் பலர். சேர்த்த நூல் தமக்கும் தம் நண்பர்க்கும் பொதுவென்று அதன் மேலட்டையிலேயே பொறித்து வைத்தவர் மிகச் சிலர். அவருள் தலையாயவர் பிரான்சு நாட்டு ழான் குரோலியே.

லியோன் நகரிற் பிறந்த இவர், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இத்தாலியின் மிலானில் பொருளாளராக அமர்ந்தார். அந்நாளில் வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு நிறுவிய அச்சகம் கிரேக்க, இலத்தீன் செவ்விலக்கியங்களைத் திருத்தமுற வெளியிட்டு வந்தது. 1501இல் வெர்ஜிலின் படைப்புகளை ஆல்டசு கையடக்க அளவில், சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார். மேசையிற் கிடத்திப் படித்த இலக்கியம் கைக்குள் வந்தது. அவ்வச்சகத்தார்க்கு நண்பரும் புரவலருமானார் குரோலியே. பண்டை நாணயங்களைப் பற்றிக் கியோம் பியூதே எழுதிய நூல் 1522இல் அங்கே அச்சேறியதும் இவர் முயற்சியாலேயே.

தாம் வாங்கிய நூல்களின் உள்ளே, இது தமக்கும் நண்பர்க்கும் உரியது என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடரைத் தம் கையால் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

பின்னர் இடர் வந்தது. 1530களில் அரசுப் பணக் கணக்கில் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். பெருந்தொகை தண்டம் விதிக்கப்பட்டது. அரிதிற் சேர்த்த நூல்களையும் இழந்தார். வேறொருவராயின் அத்துடன் மனம் கசந்து ஓய்ந்திருப்பார். இவரோ பாரிசில் மீண்டும் தொடங்கினார். அது மட்டுமா? முன்பு மையால் உள்ளே எழுதிய அதே தொடரை இப்போது மேலட்டையில் பொன்னெழுத்தாகப் பொறிக்கச் செய்தார்! இன்று உலகம் போற்றும் குரோலியே கட்டடங்களுட் பெரும்பாலன இவ்விரண்டாம் தொகுப்பைச் சேர்ந்தவையே.

தோலட்டை என்றதும் நம் இல்லத்தார் முகம் சுளிப்பர். அக்கால ஐரோப்பாவில் உயர்ந்த கட்டடத்திற்கு அதுவே வழக்கு. பதனிட்ட கன்றுத்தோல் அல்லது ஆட்டுத்தோலின்மேல் மெல்லிய பொற்றகட்டை வைத்துச் சூடேற்றிய கருவியால் அழுத்துவர். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீழே நுழைந்து, மீண்டும் மேலெழும் பட்டைகள் நம் வாசலிலே இடும் சிக்குக் கோலத்தையே நினைவூட்டும். சில பட்டைகளுக்கு வண்ணமும் தீட்டுவர். நடுவே நூற்பெயர், அடியிற் சிறிதாக அந்தத் தொடர்.

ஒரே பதிப்பின் பல படிகளையும் அவர் வைத்திருந்தார். நண்பர்க்கு ஈவதற்கே அவ்வாறு செய்தார் என்று கருத இடமுண்டு.

1565இல் பாரிசில் மறைந்தார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அந்நூலகம் சிதறியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் இன்றும் பாரிசு, இலண்டன் முதலிய இடங்களின் நூலகங்களிற் காக்கப்படுகின்றன. நியூயார்க்கின் நூலன்பர்கள் 1884இல் தொடங்கிய சங்கத்துக்கு இவர் பெயரையே சூட்டினர்.